பதினேழு கேசட்டுகளும் ஒரு டிஸ்க்கும்

ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் கடிதத்தை இரண்டு விரலால் தொட்டு மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளினார்.

"படி. சத்தம் போட்டுப் படிக்க வேணாம். எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

யோகநாதன் உட்காராமலேயே படித்தான். கோடு போடாத தாளில், நீல மையில், வரி வளையாமல் எழுதியிருந்தது.

'ஆசிரியர் அவர்களுக்கு, சென்ற ஞாயிறு தங்கள் இதழில் யோகநாதன் என்பவர் எழுதிய "மணிக்கோட்டை வெளிவந்த வரலாறு" படித்தேன். அந்த விளையாட்டு முதலில் வந்தது கேசட்டில் அல்ல, டிஸ்க்கில். ஆண்டு 1988 அல்ல, 1987. இங்கே கடைகளில் கிடைப்பதெல்லாம் அந்த டிஸ்க்கைப் பார்த்துச் செய்த திருட்டு நகல்கள். அந்தக் கோட்டை யாருடைய பெயரையும் மறப்பதில்லை. திரு. யோகநாதன் அசலைக் கண்ணால் காணாமல் எழுதிவிட்டார். என்னிடம் இருக்கிறது. வந்து பார்க்கலாம். எம். சிவசம்பு, மேரு சாலை, கிள்ளான்.'

"யாரு லா இந்த சிவசம்பு? உங்க யாழ்ப்பாணத்து ஆளா?"

"பேரைப் பார்த்தா அப்படித்தான் சார் தெரியுது. ரிட்டயர்ட் வாத்தியாரா இருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்காதே. உனக்கு நினைக்கிறதே ஒரு வியாதி." ஆசிரியர் நாள்காட்டியைப் பார்த்தார். "இன்னிக்கு செவ்வாய். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பக்கமெல்லாம் அச்சுக்குப் போவுது. அதுக்குள்ள நீ எழுதினது சரின்னு எனக்கு ஏதாச்சும் கொண்டு வா. கொண்டு வந்தா இந்தக் கடிதம் குப்பைக்கு, உன் பேரு ஜனவரியிலேர்ந்து வாரா வாரம் பத்திக்கு மேல. இல்லேன்னா கடிதம் பத்திரிகைக்கு, நீ வீட்டுக்கு."

ஈப்போ சாலையில் மாடியில் இருந்த அந்த வார இதழில் யோகநாதனுக்கு மூன்று மாத வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. பகலில் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு. திங்கள், புதன் மாலைகளில் பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் வகுப்பு. மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரைப் பற்றியும் டிவி கேமைப் பற்றியும் இந்தப் பத்தி. இருபத்து மூன்று வயதில் அவன் தொட்டதில் நிலைத்தது என்று ஒன்றும் இல்லை. அரசாங்க வேலைப் பரீட்சையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் திரும்பி வந்தவன். ஒரு விடையை எழுதிவிட்டு அடித்து, அடித்ததை மறுபடி எழுதி, நேரம் போய்விடும். பத்தி ஒன்றுதான் அவன் எழுதியதை நாலு பேர் படித்து, 'யோகநாதன் எழுதியிருக்கான், அப்போ சரியா இருக்கும்' என்று சொல்ல வைத்தது. அது போனால் மறுபடி வெறும் தட்டச்சுப் பையன்தான்.

படியிறங்கி வீட்டுக்கு பஸ் ஏறினான்.

மணிக்கோட்டை, டிவியோடு இணைத்த பெட்டியில் கேசட்டைச் செருகி ஆடும் விளையாட்டு. அந்தப் பெயர் கடைக்காரர்கள் வைத்தது. அமெரிக்காவில் 'பெல் காசில்' என்று விற்றார்கள். விளக்கு ஏந்திய ஒருவன் பாழடைந்த கோட்டையில் மாடி மாடியாக ஏற வேண்டும். கால் வைத்ததும் உதிரும் படிகள், பின்னாலிருந்து மோதும் வௌவால்கள், கடந்து போனதும் திரும்பிப் பார்க்கும் கற்சிலைகள். மாடிக்கு ஒரு மணி. ஏழு மணியையும் அடித்துவிட்டால் உச்சியில் செத்தும் சாகாத ஒரு பிரபு காத்திருப்பான். இரண்டு வருடமாக பிரிக்பீல்ட்ஸில் அதை ஆடாத வீடு இல்லை.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு திரை வரும். உன் பெயரை எழுது என்று மூன்று கட்டம் காட்டும். எழுதினால் வாங்கிக்கொள்ளும். பெட்டியை அணைத்துப் போட்டால் பெயரும் இல்லை, ஏறிய மாடியும் இல்லை. மறுபடி முதல் படி. அதனால் யாரும் அணைப்பதே இல்லை. டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை எரியவிடுவார்கள். சூடேறாமலிருக்க மேசை விசிறியைப் பக்கத்தில் திருப்பி வைப்பார்கள். 'தொடாதே' என்று எழுதி ஒட்டுவார்கள். யோகநாதன் வீட்டுப் பெட்டி பதினோரு நாளாக எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாவது மாடி.

கட்டுரைக்காக அவன் முறையாகத்தான் வேலை செய்தான். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, கேசட் பார்த்த இடம், நாள், லேபிளின் நிறம், முகப்புத் திரையில் இருப்பது, பெயர்த் திரை நடந்துகொள்ளும் விதம் என்று குறித்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒன்பது. மஸ்ஜித் இந்தியா தெருவில் நான்கு. பந்திங்கில் மூன்று. செமினியில் ஒரு முடிதிருத்தகத்தில் ஒன்று. மொத்தம் பதினேழு. பதினேழும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. 1988 ஆகஸ்ட்டுக்கு முன் இவற்றை யாரும் பார்த்ததில்லை. அமெரிக்கக் கேசட் அதே வருடக் கடைசியில் வந்ததை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பழைய சஞ்சிகையில் பார்த்து எழுதிக்கொண்டான். கம்ப்யூட்டருக்கான பதிப்பு இந்த வருடம், 1990-இல், வந்ததை வகுப்பிலேயே கண்டான். ஆக முதல் பதிப்பு 1988 கேசட் என்று முடிவு கட்டினான்.

அவன் எழுத்தில் வழக்கமாக வரிக்கு வரி 'என்று தோன்றுகிறது' இருக்கும். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் களையெடுப்பார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில் அவன் துணிந்திருந்தான். 'இந்தக் கோட்டை உங்கள் பெயரைக் கேட்கும். பிறகு மறந்துவிடும். இதைச் செய்தவர்கள் வைத்த மிகப் பெரிய பயங்கரம் இதுதான்.' ஆசிரியர் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டார். நான்கு வாசகர்கள் அதைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

ஐந்தாவது வாசகர் கிள்ளான்காரர்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கனகலிங்கம் விசிறியைக் காட்டினார். ரயில்வேயில் முப்பது வருடம். இன்னும் ஊர்ப் பேச்சு மாறவில்லை.

"என்னடா, இன்னும் நிப்பாட்டேல்லையோ? வீடு எரிஞ்சால் ஆர் பாக்கிறது? உன்ர கோட்டையில இருக்கிற பேயோ?"

"இன்னும் ரெண்டு மாடிதான் அப்பா."

"ரெண்டு மாடிக்குப் பிறகு என்ன கிடைக்கும்? பென்ஷனோ?"

சட்டையைக்கூட மாற்றாமல் மறுபடி வெளியே வந்தான். வீட்டில் உட்கார முடியவில்லை. பாலன் கடைக்கு நடந்தான்.

பாலன் பிரிக்பீல்ட்ஸிலேயே ஸ்காட் சாலையில் டிவி கேம் கடை வைத்திருந்தார். கேசட் விற்பார், வாடகைக்கு விடுவார், பழசுக்குப் பழசு மாற்றித் தருவார். அந்த வார இதழின் பின்னட்டையில் கால் பக்கம் அவருடைய விளம்பரம்தான். கடையில் ஐந்தாறு வாலிபர்கள் ஒரு திரைக்கு முன் நின்று ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "படியில நிக்காதே லா, உதிரும்னு தெரியுமில்ல!"

"வாங்க ரைட்டர் சார்!" பாலன் கும்பிட்டார். "போன வாரம் உங்களால கேசட்டே பத்தலை. மறக்குற கோட்டை வேணும், மறக்குற கோட்டை வேணும்னு வரானுங்க."

யோகநாதன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னான். பாலன் சிரித்தார்.

"டிஸ்க்கா? கம்ப்யூட்டர்ல போடுவாங்களே அதுவா? டிவி கேம்ல ஏது லா டிஸ்க்? ஆளு யாரோ கப்சா வுடுறான். ரெண்டு வருசமா நான் விக்கிறேன். பெயர் தங்கலைன்னு எத்தனை பேர் வந்து கேட்டிருக்கான் தெரியுமா? நீ எழுதத் தெரியாம எழுதறே, கடைசியில ஒரு பட்டனை அமுக்கணும்னு சொல்லி அனுப்பிருவேன்."

"எந்தப் பட்டனை அண்ணே?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் பதினேழு கேசட் ஆதாரம் இருக்கு." யோகநாதன் நோட்டைத் திறந்தான். சொல்லும்போதே கொஞ்சம் தெம்பு வந்தது. "ஒரு கடை ரெண்டு கடை இல்ல. மஸ்ஜித் இந்தியா, பந்திங், செமினி வரைக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி."

பாலன் நோட்டை எட்டிப் பார்த்தார். விரலால் வரி வரியாக இறங்கினார்.

"ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தப் பக்கத்துக் கடைங்களுக்கும் மஸ்ஜித் இந்தியாவுக்கும் நான்தானே போட்டேன். பந்திங் தங்கமணி கடைக்கும் நான்தான். இந்த செமினி முடிவெட்டுற கடை... அட, நம்ம சின்னையா! என் மச்சான் லா அவரு. தைவான்லேர்ந்து ஒருத்தன் ஒரே பையில நாப்பது கொண்டாந்தான். பதினேழை நீ கண்டுபிடிச்சிட்டே. கெட்டிக்காரன்தான்."

வாலிபர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். யோகநாதனுக்குக் காது சுட்டது. பதினேழு சாட்சிகள் என்று நினைத்திருந்தான். பதினேழும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒரு பொய்யை பதினேழு பேரிடம் கேட்டுவிட்டு அதை நிஜம் என்று அச்சில் ஏற்றியிருக்கிறான். இல்லை, இன்னும் பொய் என்று தெரியாது. தெரியாது என்பதுதான் உயிரை எடுத்தது.

புதன்கிழமை வகுப்பில் மனம் ஒட்டவில்லை. ஆசிரியை ராஜேஸ்வரி கரும்பலகையில் நினைவகத்தின் வகைகளை எழுதிக்கொண்டிருந்தார். படிக்க மட்டும் முடிந்தது ஒன்று, எழுதவும் முடிந்தது ஒன்று. போன தவணைப் பரீட்சையில் இதே பாடத்தில் யோகநாதன் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியிருந்தான். பாதியில் பேனா நின்றது. கேசட்டுக்குள் இருப்பது படிக்க மட்டும் முடிந்த சில்லு. அதில் ஒரு பெயரை எப்படி எழுதி வைப்பது? எழுத முடியாத இடத்தில் பெயர் கேட்கும் திரையை யாராவது வேலை மெனக்கெட்டுச் செய்வார்களா? செய்வார்கள், பயமுறுத்துவதற்கு. செய்ய மாட்டார்கள். செய்வார்கள். இடைவேளையில் எழுந்து போனவன் வகுப்புக்குத் திரும்பவில்லை.

வியாழக்கிழமை வக்கீலிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் போனான். முதல் பஸ்ஸில் ஏறி, இடம் பிடிக்காமல் இறங்கி, அடுத்ததில் ஏறினான். ஃபெடரல் நெடுஞ்சாலை முழுக்கத் தான் சொல்லப்போவதை மனதுக்குள் எழுதி எழுதி அடித்தான். 'ஐயா, தங்கள் கடிதம் கண்டேன்.' இல்லை. 'ஐயா, தாங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.' அதுவும் இல்லை.

மேரு சாலையை ஒட்டிய வரிசை வீடு. அழைப்பு மணியை அடித்ததும் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு கையில் வறுத்த மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம்.

"சிவசம்பு ஐயா இருக்காங்களா?"

"அப்பா செத்து ஆறு வருசம் ஆச்சு. என்ன விசயம்?"

"இல்ல... எம். சிவசம்புன்னு ஒரு கடிதம்..."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. மலர்ச்சியில் நட்பு அவ்வளவாக இல்லை.

"ஓ. நீங்கதானா அந்த மறக்குற கோட்டை! எம்னா மார்க்கிரட். வாங்க லா, உள்ள வாங்க. நல்ல வேளை, ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். சாப்பிட்டீங்களா தம்பி?"

"ஆச்சு அக்கா," என்று பொய் சொன்னான்.

மார்க்கிரட் ஷா ஆலமில் ஒரு ஜப்பான் கம்பெனியின் மின்சாதனத் தொழிற்சாலையில் லைன் லீடர். 1987-இல் எட்டு மாதம் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்களாம். திரும்பும்போது மற்றவர்கள் குக்கரும் போர்வையும் கொண்டுவந்தார்கள். இவள் கொண்டுவந்தது கூடத்து மூலையில் ஒரு துணியின் கீழ் இருந்தது. சின்ன டிவி ஒன்று, விளையாட்டுப் பெட்டி ஒன்று, அதன் அடியில் செங்கல் பருமனில் சிவப்பாக இன்னொரு பெட்டி. ஜப்பான் மின்சாரம் வேறு என்பதால் தரையில் ஒரு கனமான டிரான்ஸ்பார்மர்.

"எங்கம்மா இதை சாமி மாதிரி மூடி வச்சிருக்காங்க. தூசு படக்கூடாதாம்."

அவள் துணியை விலக்கி, உள்ளங்கை அகல மஞ்சள் டிஸ்க் ஒன்றைச் சிவப்புப் பெட்டிக்குள் தள்ளினாள். உள்ளே ஏதோ முனகியது. திரையில் ஒரு எரர் எண் வந்தது. யோகநாதனுக்கு ஒரு கணம் வெட்கங்கெட்ட சந்தோஷம். ஓடவில்லை என்றால் நிரூபணமும் இல்லை.

"பெல்ட் லூசு," என்றாள் அவள். திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பித் திருப்பிப் போட்டாள். மூன்றாம் முறை ஓடியது.

முகப்புத் திரை வந்ததும் யோகநாதன் தன்னை அறியாமல் முன்னால் குனிந்தான். கீழ் வரிசையில் கம்பெனியின் பெயர், பக்கத்தில் 1987. அவனுடைய பதினேழிலும் அந்த இடம் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பைக்கூட ஒரு நயம் என்று நோட்டில் குறித்திருந்தான். திருடினவன் வீட்டுக்காரன் பெயர்ப்பலகையைக் கழற்றி எறிந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அடுத்து பெயர்த் திரை. மூன்று கட்டம். மூன்றிலும் பெயர்கள் இருந்தன. மேகி. ஹிரோ. கெய்.

"நான், ஹிரோகோ, கெய்கோ," என்றாள் மார்க்கிரட். "ஹாஸ்டல்ல ஒரே ரூமு. மூணு பேரும் மூணு ஷிப்ட். ஒருத்தி தூங்கும்போது ஒருத்தி வேலைக்குப் போவா, ஒருத்தி ஆடுவா. மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டதே நாலு தடவைதான். ஆனா டிஸ்க்கைப் போட்டா தெரியும், நேத்து கெய்கோ எந்த மாடி ஏறினா, ஹிரோகோ எங்க செத்தான்னு. அதான் எங்களுக்குப் பேச்சு. எனக்கு ஜப்பான் பாசை தெரியாது, அவளுங்களுக்கு இங்கிலீசு தெரியாது. கிளம்பும்போது டிஸ்க்கை என் பையில போட்டாளுங்க. பேரை அழிக்காதேன்னு சைகையில சொன்னா கெய்கோ."

ஹிரோ என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இவ நாலாவது மாடியில நிக்கிறா. மூணு வருசமா அங்கேயே நிக்கிறா. நான் ஏத்தி விடலை, அவதான் ஏறணும். நீங்க என்னடான்னா, இந்தக் கோட்டை எல்லாரையும் மறந்துரும், அதுதான் பயங்கரம்னு பெரிய எழுத்துல போட்டுட்டீங்க. லயின்ல என் கீழ வேலை பார்க்குற பொண்ணுங்க அந்தப் பேப்பரைக் கொண்டாந்து காட்டுறாளுங்க, அக்கா எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க பாருங்கன்னு. எனக்கு எப்படி இருக்கும்?"

யோகநாதன் நோட்டைத் திறந்து அந்த மூன்று பெயர்களையும் எழுதினான்.

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க," என்றாள் அவள், கொஞ்சம் இறங்கி. "அதான் கோவமே. மோசமா எழுதியிருந்தா விட்டிருப்பேன்."

டிஸ்க்கை அப்படியே கேசட்டுச் சில்லில் ஊற்றியிருக்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். ஊற்றினவனுக்குப் பெயர்த் திரையை எடுக்கத் தெரியவில்லை, அல்லது எடுக்க மெனக்கெடவில்லை. சில்லில் எழுத இடமில்லை. அதனால் பெட்டி எரியும் வரைக்கும் பெயர் இருக்கும், அணைத்தால் போகும். மறதி கோட்டையுடையது அல்ல. யோகநாதன் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டான். வகுப்பில் இதே பாடத்தில் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கின கை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஈப்போ சாலைப் படியேறினான். முந்தின இரவு ஆறு முறை அடித்து எழுதிய திருத்தம் சட்டைப் பையில் இருந்தது. 'நான் பார்த்த பதினேழும் நகல்கள். அசலைப் பார்க்காமல் எழுதியது என் தவறு. முதல் பதிப்பு 1987 டிஸ்க்.' ஆசிரியர் அதை ஒருமுறை வாசித்தார். பிறகு பின்னட்டை அச்சுப்படியை எடுத்து அதன் மேல் வைத்தார். பாலனின் கால் பக்க விளம்பரம்.

"உலகத்துல உள்ள நகலையெல்லாம் நாமதான் காட்டிக் கொடுக்கணுமா? இது வந்தா பாலன் விளம்பரத்தை எடுத்துருவான். நாளைக்கு எவனாச்சும் ரெய்டுன்னு வந்தா என் தலையும் உருளும். இங்க பாரு, நான் ஒரு வழி சொல்றேன். 'டிஸ்க்கிலும் கேசட்டிலுமாக இரண்டு விதங்களில் வெளியானதாகத் தெரிகிறது.' முடிஞ்சுது. பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல. நீ எப்பவும் எழுதுற மாதிரிதானே இருக்கு? கடிதத்தைத் தூக்கிப் போட்டுருவோம். ஜனவரியில உன் பேரு மேல வரும்."

யோகநாதன் அந்த வரியைப் பார்த்தான். உண்மையாகவே அவனுடைய வரி போலத்தான் இருந்தது. ஆயிரம் தடவை எழுதியிருக்கிறான். அந்த வரியோடு வீட்டுக்குப் போகலாம். அப்பாவிடம் ஜனவரி இதழைக் காட்டலாம். தொழிற்சாலையில் அந்தப் பெண்கள் மறுபடி பேப்பரைக் கொண்டுபோய் மார்க்கிரட்டிடம் காட்டுவார்கள். அக்கா, ரெண்டு விதமா வந்துச்சாம்.

கோட்டையின் நான்காவது மாடியில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"வேணாம் சார். என் திருத்தம் வேணாம்னா விடுங்க. அந்தக் கடிதத்தைப் போடுங்க. முழுசா."

"முழுசாப் போட்டா நீ இல்ல. புரியுதா? தப்பா எழுதினவன்னு ஊருக்கே சொன்ன பிறகு அவன் பேரையே பத்திக்கு மேல போட்டா என்னைச் சிரிப்பானுங்க."

"புரியுது சார்."

"உன் இடத்துக்கு சமையல் குறிப்பு போடுவேன்."

"போடுங்க."

ஆசிரியர் அச்சுக்கோப்பவர் இராமலிங்கத்தைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். நான்கே காலுக்கு ஈர அச்சுப்படி வந்தது. அதையும் சிவப்புப் பேனாவையும் யோகநாதன் முன் போட்டார்.

"புரூஃப் பார்க்க ஆளில்ல. நீயே பாரு. அந்தத் திருட்டு நகல் வரியை மட்டும் அடிச்சுரு."

தன்னைக் கவிழ்க்கும் கடிதத்தை யோகநாதன் எழுத்து எழுத்தாகப் பார்த்தான். சிவசம்பு 'சிவசப்பு' ஆகியிருந்தது, திருத்தினான். 'கண்ணால் காணாமல்' என்ற இடத்தில் பேனா நின்றது. அதில் பிழை இல்லை. திருட்டு நகல் வரிக்கு வந்தான். அடிக்கப் பழகிய கை. எத்தனை வரிகளை அடித்திருக்கிறது! அந்த வரியின் ஓரத்தில் 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கீழே கோடிட்டான்.

ஆசிரியர் அதைப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாக ஏழு நிமிடம். வெளியே இராமலிங்கம் செருமினார்.

"நீ கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன் சார். மூணு பேரும் இருந்தாங்க."

எந்த மூன்று பேர் என்று ஆசிரியர் கேட்கவில்லை. ஓரத்தில் கையெழுத்தைக் கிறுக்கி இராமலிங்கத்திடம் நீட்டினார். "பாலன்கிட்ட நீயே போய்ச் சொல்லிரு. ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பார்த்துட்டு என் கழுத்தைப் பிடிக்க வேணாம்."

பஸ்ஸில் உட்காராமல் நின்றபடியே வந்தான். பாலன் கடையில் வழக்கமான கூட்டம். அவன் எல்லார் முன்னிலையிலும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கடிதம் வருகிறது, திருட்டு நகல் என்று வருகிறது, அதை அடிக்காமல் விட்டது தான்தான். பாலன் காதைக் குடைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நகல்னு போட்டா என்ன லா? நான் எப்ப ஒரிஜினல்னு சொன்னேன்? ஒரிஜினல்னா யாரு வாங்குவான்?"

"விளம்பரத்தை எடுத்துருவீங்கன்னு சார் சொன்னாரு."

"அவருக்கு வேற வேலை இல்ல. போன் இந்தா இருக்கு, போடு, நான் பேசுறேன்."

எண்ணைச் சுழற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தவர் இராமலிங்கம். பின்னால் அச்சு இயந்திரம் இரைந்தது. ஆசிரியர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். சமையல் குறிப்பு ஏறிவிட்டது, சிவகாமி அம்மாவின் நண்டுக் குழம்பு. யோகநாதன் ரிசீவரை வைத்தான். பேசாமல் இருந்திருந்தால், ஒரு நாள் முன்னாலேயே பாலனைக் கேட்டிருந்தால், என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

"அப்போ அந்த டிஸ்க்குல பேரு நிஜமாவே தங்குதா?" பாலன் கேட்டார். குரலில் கேலி இல்லை. "ரெண்டு வருசமா பட்டனை அமுக்கு, பட்டனை அமுக்குன்னு ஊரை ஏமாத்தியிருக்கேனா நான்?"

"தங்குது அண்ணே. முதல்ல வந்ததே டிஸ்க்குலதான், எண்பத்தேழுல. எண்பத்தெட்டு கடைசியில அமெரிக்கக் கேசட். நம்ம கேசட் அந்த டிஸ்க்கோட நகல்."

திரைக்கு முன் நின்ற வாலிபன் ஒருவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"பாஸ், போன வாரம் நீங்க வேற மாதிரி எழுதினீங்களே?"

"ஆமா. அது தப்பு."

"அப்போ இது மட்டும் சரின்னு எப்படி நம்புறது?"

இந்த முறை பதினேழு என்று ஒரு எண்ணும் கையில் இல்லை. யோகநாதன் அவனைப் பார்த்தான்.

"நம்ப வேணாம். கிள்ளான் மேரு சாலைக்கு வா. டிஸ்க் வச்சிருக்குற அக்கா ஒத்துக்கிட்டா காட்டச் சொல்றேன்."

"எப்ப?"

"கேட்டுட்டுச் சொல்றேன். மார்னிங் ஷிப்ட்டுன்னா மூணு மணிக்கு மேலதான் வீட்டுல இருப்பாங்க."

"நானும் வரேன் லா," என்றார் பாலன். "கடையை யாரு பார்த்துக்குவா அன்னிக்கு? டேய், எந்த பஸ்ஸுடா மேரு சாலைக்குப் போவுது?"

ஐந்து பேர் ஐந்து நம்பர் சொன்னார்கள்.